யமனும் நாகூரும் கெடாவும் மலாக்காவும்
முன்ஷி அப்துல்லாஹ் தம் வம்சத்தை எழுதி வைத்த வரலாறு

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் அவர்களின் பெயரைக் கேள்விப்படாதவர் இந்நாடுகளில் இலர். மலாக்காவில் அன்னாரின் பெயரால் ஒரு பெருஞ்சாலை உண்டு. சிங்கப்பூரிலும் அவர் பெயர் தாங்கிய தெரு உண்டு. 2019ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் துரையின் சிலைக்குத் துணையாக வேறு நான்கு பெரியார்களின் சிலைகள் நிறுத்தப்பட்டபோது, அவற்றுள் ஒன்று அப்துல்லாஹ் அவர்களுடையதாகவும், மற்றொன்று நாராயண பிள்ளை அவர்களுடையதாகவும் இருந்ததை நேயர்கள் பலர் நேரில் கண்டிருப்பர்.

ஆயினும், "அவர் எந்த இனத்தவர்?" என்று கேட்டால் நம்மிடையே கிடைக்கும் விடை ஒன்றாக இல்லை. மலாய் மொழிக்குப் புத்துயிர் அளித்தவர், ஆகவே மலாய்க்காரரே என்பர் சிலர். யமன் நாட்டு வம்சத்தவர், ஆகவே அரபு என்பர் வேறு சிலர். நாகூர் வழி வந்தவர், ஆகவே நம்மவரே என்று மார்தட்டுவோர் நம்முள் ஏராளம். மூவரும் அவரைத் தத்தம் பக்கம் இழுக்கின்றனரே தவிர, இக்கேள்விக்கு அவரே விரிவாக விடை எழுதி வைத்துச் சென்றிருக்கிறார் என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. அவ்விடையையும் அவர் வாழ்வையும் சேர்த்து நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு கிளைகள்

அப்துல்லாஹ் அவர்கள் தம் வாழ்க்கை வரலாறாகிய 'ஹிக்காயத் அப்துல்லாஹ்'வை 1843ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். 1849ஆம் ஆண்டில் அது சிங்கப்பூரில் கல்லச்சில் பதிப்பிக்கப்பட்டது. தம் பிறப்பைச் சொல்லுமுன் தம் முன்னோர் யார் யார் என்பதையே அவர் முதலில் சொல்லுகிறார்.

அவருடைய பாட்டனாரின் தந்தை ஷெய்கு அப்துல் காதிர் என்னும் அரபுப் பெரியார். யமன் நாட்டவர், மார்க்கமும் மொழியும் போதிப்பது அவர் தொழில். அவர் கப்பலேறித் தமிழகத்து நாகூருக்கு வந்து, அங்கே பல காலம் பாடம் நடத்தி, அவ்வூரிலேயே மணமுடித்தார். அவருக்கு ஆண் மக்கள் நால்வர். தந்தை காலமான பின்னர் அந்நால்வரும் கடல் கடந்தனர். மூவர் ஜாவாப் பக்கத்துத் தீவுகளுக்குச் சென்று ஆங்காங்கே குடும்பம் அமைத்துக் கொண்டனர். முஹம்மது இப்ராஹீம் என்ற மகன் மட்டும் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். இவரே நமது அப்துல்லாஹ்வின் பாட்டனார்.

மலாக்காவில் இப்ராஹீம் மணந்த பெண்மணி பெரி ஆச்சி என்பவர். ஷெய்கு மீரா லெப்பையின் மகள். மீரா லெப்பை என்ற பெயரும் ஆச்சி என்ற சொல்லும் எந்தக் கரையிலிருந்து வந்தவை என்பதை நம் நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இவ்விருவருக்கும் பிறந்த அப்துல் காதிர் என்பவரே அப்துல்லாஹ்வின் வாப்பா.

உம்மா ஸலாமா அவர்களின் வழி வேறு. அவ்வழி முன்னோர் இந்து சமயத்திலிருந்து தீனுல் இஸ்லாத்தைத் தழுவிய இந்தியர்கள். கெடாவில் வாழ்ந்து பின்னர் மலாக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். இதையும் அப்துல்லாஹ் மறைக்கவில்லை. யமன் நாட்டுப் பெரியாரை எத்துணை இயல்பாகக் குறிப்பிடுகிறாரோ, அத்துணை இயல்பாகவே இஸ்லாத்தில் புதிதாக வந்து சேர்ந்த தாய்வழி முன்னோரையும் குறிப்பிடுகிறார்.

நேயர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அரபு வம்சம் என்றால் அக்காலத்தில் மலாய் நாடெங்கும் தனி மரியாதை உண்டு. அப்துல்லாஹ் நினைத்திருந்தால் யமன் நாட்டை மட்டும் எழுதிவிட்டு நாகூரையும் கெடாவையும் விட்டிருக்கலாம். கேட்பார் எவரும் இரார். மூன்று தலைமுறைக்கு முன் நடந்ததை யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்? அவர் அவ்வாறு செய்யவில்லை. அதே போழ்தில் ஒரு குறையும் அவ்வேட்டில் உண்டு. யமன் பெரியாரின் பெயர் இருக்கிறது; அவருடைய நான்கு மக்களின் பெயர்கள் இருக்கின்றன; அம்மக்களைப் பெற்றெடுத்த நாகூர்ப் பெண்மணியின் பெயர் மட்டும் அதில் இல்லை. எத்தனையோ குடும்பங்களில் நேர்வதே அங்கும் நேர்ந்திருக்கிறது.

பலர் பாலூட்டிய பிள்ளை

அப்துல்லாஹ் 1796ஆம் ஆண்டு மலாக்காவில் கம்போங் பாலி என்ற இடத்தில் பிறந்தார். ஒல்லாந்தர் கையிலிருந்த மலாக்கா ஆங்கிலேயர் வசமாகி ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. அவருக்கு முன் பிறந்த ஆண் குழந்தைகள் நால்வரும் பிஞ்சிலேயே இறந்து போனார்கள். ஐந்தாவதாகப் பிறந்த இவரும் நோயாளிக் குழந்தையாகவே இருந்தார். அக்காலத்து வழக்கப்படி, பிள்ளை தங்க வேண்டும் என்பதற்காகக் குழந்தை பிற குடும்பத்தாருக்குப் பெயரளவில் விற்கப்பட்டது. பெற்ற தாயின் பால் போதாமையால் பல பெண்களிடம் பால் குடித்து அவர் வளர்ந்தார். பாலூட்டியவரையும் தாயாகக் கருதுவது நம் மார்க்கத்தின் முறையல்லவா? அவ்வாறு பார்த்தால் மலாக்காவின் பல வீடுகளில் அவருக்குத் தாய்மார் இருந்தனர் என்றே சொல்ல வேண்டும்.

அவர் ஓதத் தொடங்கியது பாட்டியார் பெரி ஆச்சியிடம். அவ்வம்மையார் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளுக்குக் குர்ஆன் கற்பித்தவர். சென்ற நூற்றாண்டின் பெண் கல்வி இயக்கங்களுக்கெல்லாம் முற்பட்ட காலத்தில், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு முஸ்லிம் மாது மலாக்காவில் இத்துணை பெரிய பள்ளியை நடத்தினார் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய செய்தியாகும்.

வாப்பா அப்துல் காதிரோ மிகக் கண்டிப்பானவர். சரக்கெடுத்துச் சென்று உள்நாட்டுக் கிராமங்களில் வணிகம் செய்தவர். சென்ற இடங்களில் மார்க்கமும் போதித்தவர். தமிழ், மலாய் ஆகிய இரு மொழிகளிலும் எழுத்தும் கணக்கும் அறிந்தவர். சுமத்ராவின் சரித்திரத்தை எழுதிய மார்ஸ்டன் துரைக்கு மலாய் கற்பித்தவர். ஒல்லாந்தருக்காகப் பழைய மலாய் ஏடுகளைத் தேடிச் சேகரித்தவர். இத்தகையவர் மகனின் எழுத்தில் ஒரு பிழை கண்டாலும் பொறுப்பதில்லை. திட்டும் அடியும் தாங்காமல் பிள்ளை அழுததுண்டு. உம்மா மனம் வெதும்பியதும் உண்டு. அக்கண்டிப்பே தம்மை ஆளாக்கியது என்பதைப் பின்னாளில் அப்துல்லாஹ் நன்றியுடன் எழுதினார்.

மொழிகள் வந்த வழி

குர்ஆன் ஓதி முடித்த மகனை, வாப்பா ஓர் ஆசானிடம் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் தமிழ் கற்றார். இது அக்குடும்பத்தின் தனி ஆசை அன்று. வசதியும் மதிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் பண்டைக்காலந்தொட்டு வழங்கி வந்த பழக்கம். கணக்கெழுதவும் வாணிபம் பேசவும் அங்கே தமிழே பயன்பட்டது. தமிழ் வணிகர்கள் அந்நகரில் நிறைந்திருந்தனர். 1748ஆம் ஆண்டிலேயே எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது.

'கிளிங்' என்ற அச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நலம். கலிங்க நாட்டின் பெயரிலிருந்து பிறந்த அது, அக்காலத்தில் தென்னிந்தியரைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகவே வழங்கிற்று. அப்துல்லாஹ்வும் அதைக் கூச்சமின்றிக் கையாண்டார். பிற்காலத்தில் அது இழிவாகப் பேசப்படும் சொல்லாக மாறிவிட்டமையால் இன்று நாம் அதை விரும்புவதில்லை. முன்னோரைக் குறித்த சொல் கெட்டுப் போகலாம். அதனால் முன்னோர் கெட்டவர்களாகிவிட மாட்டார்கள்.

தமிழுக்கு அடுத்தபடி ஹிந்துஸ்தானி வந்தது. மலாக்காக் கோட்டையில் தங்கியிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் பிரதி எழுதிக் கொடுத்தும், ஓதக் கற்பித்தும் இளம் அப்துல்லாஹ் பொருள் ஈட்டினார். அவர்களோடு பழகியே அவர்கள் மொழியைக் கற்றார். 'முன்ஷி', அதாவது மொழியாசிரியர் என்ற பட்டத்தை அவருக்கு முதன்முதலில் சூட்டியவர்களும் அச்சிப்பாய்களே. மலாய் இலக்கியத்தில் நிலைத்துவிட்ட அப்பெயர் ஓர் இந்தியப் படைக் கொட்டடியில் பிறந்தது.

மலாய் மொழியை இலக்கணச் சுத்தமாக வாப்பாவிடம் கற்றார். அரபை மார்க்கக் கல்வியோடு கற்றார். ஆங்கிலத்தைப் பாதிரிமாரிடம் கற்றார். இவ்வாறு பாட்டனாரின் தந்தையுடைய மொழி, பாட்டியாரின் மொழி, பிறந்த மண்ணின் மொழி ஆகிய மூன்றும் அவரிடம் சேர்ந்திருந்தன. எக்கிளையையும் அவர் வெட்டிவிடாமையால் எல்லா மொழிச் செல்வமும் அவருக்குக் கிடைத்தது.

துரைமாரிடமும் பாதிரிமாரிடமும்

1810ஆம் ஆண்டின் இறுதியில் ராஃபிள்ஸ் துரை ஜாவாப் படையெடுப்புக்கு ஆயத்தம் செய்ய மலாக்காவுக்கு வந்தார். மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும் ஏடுகளைப் பிரதி செய்யவும் எழுத்தர் பலரை அமர்த்தினார். அவர்களுள் மிக இளையவர் அப்துல்லாஹ், வயது பதினான்கு. 1811ல் ராஃபிள்ஸ் ஜாவா சென்றபோது உடன் செல்ல ஆசைப்பட்டார். ஒரே பிள்ளையைக் கடலுக்கும் போருக்கும் அனுப்ப உம்மா இசையவில்லை, பிள்ளையும் தங்கிவிட்டார்.

பின்னர் 1815ல் மில்ன் பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அவருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அப்துல்லாஹ் மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்றார். கிறிஸ்தவ வேதத்தை மலாயில் மொழிபெயர்ப்பதிலும் உதவினார். இதனால் ஊரார் அவரைச் சந்தேகித்தனர். பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று வாப்பாவிடம் சென்று சொன்னார்கள், வாப்பாவும் கோபங்கொண்டார். 'அப்துல்லாஹ் பாதிரி' என்ற பட்டப்பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் ஈமானில் தளரவில்லை. மொழி வேறு, மார்க்கம் வேறு என்று தெளிந்திருந்த அவர் வாழ்நாள் முழுவதும் முஸ்லிமாகவே வாழ்ந்து, ஹஜ்ஜை நாடிய பயணத்தில் உயிர் நீத்தார்.

சிங்கப்பூர் குடியேற்றம் உருவான பின்னர் அவர் அங்கும் மலாக்காவிலுமாக வாழ்ந்தார். கடிதம் எழுதுதல், மொழிபெயர்த்தல், துரைமாருக்கும் அமெரிக்கப் பாதிரிமாருக்கும் மலாய் கற்பித்தல் ஆகியவையே அவர் ஜீவனம்.

மலாய் மொழிக்குச் செய்த தொண்டு

1830ஆம் ஆண்டு சிங்கப்பூரில் மூண்ட பெருந்தீயைப் பற்றி அவர் செய்யுள் இயற்றினார். 1838ல் கிளந்தானுக்குக் கடிதங்கள் கொண்டு சென்ற பயணத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1835ல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். தமிழ் படிக்க அனுப்பிய வாப்பாவின் செயல் மலாய் இலக்கியத்துக்கு நேரடியாகப் பயன் தந்தது இந்நூலால்தான்.

மலாய் அரசர்களின் வரலாறாகிய 'செஜாரா மெலாயு'வையும் அவர் பதிப்பித்தார். அந்நூல் மலாக்கா அரசர்களின் வம்சத்தை இஸ்கந்தர் துல்கர்னைன் வரை கொண்டு செல்லுகிறது. அதே நூல், சுல்தான் முஸஃப்பர் ஷாவின் தாயார் தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தன் என்பவரின் மகள் என்றும் கூறுகிறது. ஆக, மலாக்கா அரண்மனையிலேயே நம் கரையின் இரத்தம் கலந்திருந்தது என்பது அதன் செய்தி. இத்தகைய நூலை எழுத்தெழுத்தாகப் பார்த்து அச்சிட்டவருக்குக் கலப்பு என்பது புதுமையாகவோ வெட்கமாகவோ தோன்றியிராது. அரசர்கள் தம் வம்சத்தை மாவீரர்களோடு இணைத்து எழுதச் செய்தார்கள். அப்துல்லாஹ் தம் வம்சத்தில் இருந்த ஆசிரியரையும், வணிகரையும், ஓதிக் கொடுத்த பாட்டியாரையும், இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தையும் உள்ளது உள்ளபடி எழுதினார்.

ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார் தூண்டியதன் பேரிலேயே அவர் சுயசரிதம் எழுதலானார். அதுவரை மலாய் ஏடுகளில் அரசர்களும் அற்புதங்களுமே இடம்பெற்றன. ஒரு சாமானியர் 'நான்' என்று சொல்லித் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதியது அதுவே முதல் எனலாம்.

அதில் அவர் மலாய் அரசர்களின் ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். மலாய்ப் பிள்ளைகள் தம் தாய்மொழியை முறையாகக் கற்பதில்லையே என்று மனம் நொந்தார். பிற இனத்தவரெல்லாம் தத்தம் மொழியைக் கற்கும்போது இவர்கள் மட்டும் பாராமுகமாக இருப்பதேன் என்பது அவருடைய ஓயாத கேள்வி. ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்றும், மலாய்க்காரரை அயலார்போல் நின்று பழித்தார் என்றும் பிற்காலத்து அறிஞர் பலர் அவரைக் குறை கூறினர். அக்குறையில் உண்மை உண்டு. இரு கரைக்கும் உரியவர் சில வேளைகளில் எக்கரைக்கும் முழுதும் உரியவராக ஏற்கப்படுவதில்லை; அவரும் சில வேளைகளில் எட்ட நின்றே பேசிவிடுகிறார். ஆயினும் மலாய் மொழிக்காக அவர் பட்ட கவலை உண்மையானது; அதை அவரைக் குறை கூறியோரும் மறுக்கவில்லை.

யமன் கரையோரமாக

1854ஆம் ஆண்டில் அப்துல்லாஹ் அவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். அப்பயணத்தைப் பற்றியும் எழுதிக்கொண்டே சென்றார். கப்பல் இலங்கையையும் இந்தியாவின் தென்முனையையும் கடந்தது. பின்னர் யமன் நாட்டுக் கரையோரமாகவே செங்கடலுக்குள் நுழைந்தது. மூன்று தலைமுறைக்கு முன் ஒரு மார்க்க ஆசிரியர் கீழ்த்திசை நோக்கி வந்த அதே கடல்வழியில், அவருடைய பேரரின் மகன் மேற்றிசை நோக்கிச் சென்றார். அவ்வாண்டிலேயே அரேபிய மண்ணில் அன்னார் வஃபாத்தானார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

அவருடைய மகன் முஹம்மது இப்ராஹீம் பிற்காலத்தில் ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்து, தாமும் பயண நூல் எழுதிப் புகழ்பெற்றார். நாகூரிலிருந்து மலாக்காவுக்கு வந்திறங்கிய பாட்டனாரின் பெயரும் முஹம்மது இப்ராஹீம்தான் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜொகூர் அரண்மனை வரை அப்பெயர் தொடர்ந்தது.

நம் வீடுகளில்

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. இங்கே பிறந்த இந்திய முஸ்லிம்களையும், மலாய்ப் பெண்களை மணந்தோரின் மக்களையும் 'ஜாவிப் பெரானக்கான்' என்று அழைத்தனர். 1876ல் சிங்கப்பூரில் தோன்றிய முதல் மலாய்ப் பத்திரிகை அப்பெயரையே தாங்கி வந்தது. அதை நடத்தியோர் அச்சமூகத்தவரே. பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். நம்முள் பலருடைய வீட்டிலும் ஒரு மலாய்ப் பாட்டியோ, ஒரு சீன வளர்ப்புப் பெண்ணோ, இஸ்லாத்தைத் தழுவிய ஒரு பாட்டனாரோ இருந்திருப்பார்.

அவர்களை நாம் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறோம்? அரபு வம்சம் என்று சொல்லும்போது நம் குரல் உயருகிறது. மற்றவற்றைச் சொல்லும்போது தாழுகிறது. சில வேளைகளில் நின்றே போகிறது. கல்யாணப் பேச்சின்போது ஒரு பக்கத்துப் பாட்டி மறைக்கப்படுகிறார். சலுகை கருதி ஒரு தலைமுறை தமிழை மறக்கிறது; பெருமை கருதி வேறொரு குடும்பம் மலாய் உறவை மறக்கிறது. இரண்டும் ஒரே தவறுதான். மறைக்கப்படுபவர் நம்மைப் பெற்றவரைப் பெற்றவர் அல்லவா?

பத்திரங்களில் ஓர் இனத்தின் பெயரையே எழுத இடமிருந்தது என்று காரணம் சொல்லலாம். சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு முதல் தாய், தந்தை இருவரின் இனத்தையும் இணைத்துப் பதியலாம் என்றாயிற்று. வரவேற்க வேண்டிய மாற்றமே. ஆனால் எந்தப் பத்திரத்திலும் நான்கு தலைமுறைக்கு இடம் கிடையாது. அதற்குரிய ஏடு குடும்பத்தாரிடம்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இது. வீட்டில் முதியவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரு பக்கத்து முன்னோர்களின் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். பெண்களின் பெயரை விட்டுவிடாதீர்கள். பிற இனத்திலிருந்தோ பிற சமயத்திலிருந்தோ வந்து சேர்ந்தவர்களின் பழைய பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகள் பெரியவர்களானதும் அதை அவர்கள் கையில் கொடுங்கள். நாகூரில் வாழ்ந்த அந்த அம்மையாரின் பெயரை இனி நாம் அறிய வழியில்லை. நம் வீட்டு அம்மையார்களின் பெயர்களை அறிந்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.